ஒன்றாம் தேதி வரை நிற்க வேண்டுமாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் நின்றதா? மருந்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தரும் சட்டம் அடுத்த மாதம் வருகிறது. அதற்காக வாங்கிய நாற்காலிகள் உறைகூடப் பிரிக்காமல் சுவரோரம் கிடக்கின்றன. போன வாரம், பில் போடும் நிறைமாதக் கர்ப்பிணிக்குத் தலைசுற்றியது. நான் கணக்கு மேசையிலிருந்து எழுந்து போய், அதில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன்.

மேனேஜர் ஓடிவந்தார். "மேடம், சட்டம் ஒண்ணாம் தேதிதான் வருது!"

"அதுவரைக்கும் வயித்தை எங்க இறக்கி வைப்பா?"

"அவ்வளவு இரக்கமா இருந்தா உங்க சேரைக் கொடுங்க."

கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் கணக்குப் பார்க்கிறேன். கால் வலியைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். முதலாளி வந்து காரணம் கேட்கட்டும், முகத்துக்கு நேரே சொல்கிறேன்.

யாராவது வந்தால் கட்டிலடியில் கிடக்கும் என் பழைய செருப்பைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கியது கடிக்கிறது.

கடையைத் திறந்துவிட்டார்கள், நிற்கப் போகிறேன்.

உங்கள் மகள்