விளையாட்டுக்கு ஒரு இண்டர்வியூ

1959, டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை

பல்கலைக்கழக விடுமுறைக்கு அண்ணன் நண்பர்கள் இருவரை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறான். இன்று தோசை பரிமாறும்போது கண்ணாடி போட்டவன் என்னை நிறுத்தி, “மேல என்ன படிக்கப் போறீங்கம்மா?” என்று மரியாதையாகக் கேட்டான்.

அண்ணன் என் படிப்பைப் பற்றி ஏதோ பேசி வைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

“மறுபடியும் ஸ்கூலுக்குப் போவணும். டீச்சராவணும்,” என்றேன்.

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேருகிறவர்களை இப்படித்தான் இண்டர்வியூ வைத்துக் கேலி செய்வார்களாம்.

“ஆறாவதோட நின்னவ லா இவ!” என்றான் அண்ணன்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “அந்த ஆசை இன்னும் போவலையா? உன்னைப் பொண்ணு கேட்ட செமாபோக் ஊர் மாப்பிள்ளை வீட்டுக்கு நாளைக்கே சரின்னு சொல்லிடுறேன்.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கண்ணாடிக்காரனுக்கு இன்னொரு தோசை வைக்கச் சொன்னான்.

வைத்தேன்.