கொழுப்பு மாத்திரையை நிறுத்திப் பார்த்தது

மார்ச் 4
கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பிரஷர் இறங்கும்வரை மேலே ஏறக்கூடாதாம். இத்தனை வருஷம் உயரத்தில் உட்கார்ந்தவனைக் குடோனில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட விட்டிருக்கிறார்கள். ஜூன் பரிசோதனையிலும் தேறாவிட்டால் கடைசிவரை குடோன்தான்.

மார்ச் 9
ரத்தத்தில் கொழுப்பும் ஏகத்துக்கு இருக்கிறதாம். பிரஷருக்கு ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று. "உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்கிறாள் இவள். பொண்டாட்டியா, எதிர்க்கட்சியா?

மார்ச் 30
இறங்குகிறது. ஆனால் எந்த மாத்திரையால்? கிரேனில் கோளாறு என்றால் ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்ப்போம். அதேபோல் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன். கொழுப்புக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்? பார்த்துவிடலாம்.

ஏப்ரல் 24
மறுபடி ஏறிவிட்டது. வீட்டிலிருக்கும் பிரஷர் மெஷின் பழுதோ? இவள் கையில் கட்டிப் பார்த்தேன். அவளுக்குச் சரியாகத்தான் காட்டுகிறது. சனியன்.

ஏப்ரல் 26
பிரிக்காத மாத்திரை அட்டை இவள் கண்ணில் பட்டுவிட்டது. தரதரவென்று டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" நல்ல டோஸ். நானும் விடவில்லை — "ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

கோபம் தணிந்து, காகிதத்தில் குழாய் வரைந்தார். ரத்தக்குழாயை இறுக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்று உடம்பில் ஓடுகிறதாம். குழாய்ச் சுவரில் அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. கொழுப்பு கூடினால் அந்த இடங்களும் கூடிவிடலாம். ஹார்மோன் அதே அளவுதான், இறுக்கம்தான் அதிகம்.

"அப்போ, கிரேனுக்குக் கீழ நிக்கிறவன் ஒரு தடவை கை காட்டினா நான் ரெண்டு மடங்கு தூக்கிடறேன். அப்படியா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்களேன். அந்த மாத்திரையால பிரஷர் கொஞ்சம்தான் குறையும். உங்களுக்கு அந்தக் கொஞ்சம்தான் இடிக்குது. அதைவிட, உங்க இதயத்துக்கு அது வேணும்."

ஏப்ரல் 27
எனக்குள்ளேயே கை காட்டுகிறவன், எனக்குள்ளேயே தூக்குகிறவன்! நாள் முழுக்க இதே நினைப்பு. சீட்டுகளைத் தலைகீழாக ஒட்டி, குடோன்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மே 22
இறங்குகிறது. எது வேலை செய்கிறது — இதுவா, அதுவா? கை துறுதுறுக்கிறது. இவள் எதிரே நின்றாள். இரண்டையும் விழுங்கினேன்.

ஜூன் 11
மதியச் சாப்பாடு மேலே, கிரேன் கேபினிலேயே. இவள் கட்டிக்கொடுத்த காய்கறியில் எண்ணெயும் இல்லை, உப்பும் இல்லை, ருசி என்று ஒன்று அறவே இல்லை. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.