பதினெட்டுத் தபாலட்டைகள்

கரவெட்டி,
17.10.1984.

அன்புள்ள கனகரத்தினம் அண்ணைக்கும் அருமைநாயகி அக்காவுக்கும் ஞானாம்பிகை எழுதிக்கொள்வது.

சுகமாயிருக்கிறோம் என்று தொடங்குவதுதான் முறை. எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை, குறை நினையாதீர்கள். உங்கள் சிநேகிதரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றோடு நாற்பத்தைந்து நாள். போன மாதம் உங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்குத் தந்தி அடித்தேன், மறுமொழி இல்லை. ஆபிரிக்காவில் தந்தி எத்தனை நாளில் வந்து சேருமோ யார் கண்டது!

கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன், மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். நீங்கள் இருவரும் தபாலில் ஆடுகிற செஸ் ஆட்டத்துக்கு இவர் உங்களுக்கு எழுதிய அட்டைகள் பதினெட்டும் உங்களிடம் இருக்கின்றனவா? இருந்தால் ஒன்றும் விடாமல், முத்திரையைக் கிழிக்காமல், இதோடு வைத்திருக்கும் கொழும்பு விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நவம்பர் இருபத்தாறாம் திகதிக்கு முன் அவை அங்கே நிற்க வேண்டும். அன்றைக்குப் பிறகு இவரைத் தெற்கே ஒரு முகாமுக்கு மாற்றுவார்களாம். அங்கே போனவர்களில் எங்கள் பக்கத்தார் ஒருவரும் இன்னும் திரும்பி வரவில்லை.

நடந்தது இதுதான். செப்டம்பர் மூன்றாம் திகதி கந்தோர் சோதனை எழுதக் கொழும்புக்கு ரயில் ஏறினார். கூடவே கதிரவேலுவும் போனார். இவரோடு நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவர். வவுனியா தாண்டி ஆமிக்காரர் ரயிலை மறித்துச் சோதித்திருக்கிறார்கள். இவருடைய சட்டைப்பையில் அந்தச் சின்னச் சிவப்புக் கொப்பி. உங்களுக்குத் தெரியாததா? உங்கள் ஆட்டத்தின் நகர்வுகளையும், அடுத்து என்ன செய்யலாம் என்ற யோசனைகளையும் எழுதி வைக்கிற கொப்பி. பக்கம் பக்கமாக எழுத்தும் இலக்கமும். நடுநடுவே கட்டம் கீறின படங்கள். இவரும் படம் வரைகிறவர் அல்லவா, அடிமட்டம் வைத்து வடிவாகக் கீறியிருக்கிறார். அதுவும் வினையாய்ப் போயிற்று.

அதைவிட அந்த இங்கிலீசுச் சொற்கள். அண்ணை, உங்கள் இரண்டு பேரிலும் எனக்குச் சரியான கோபம். தமிழில் எழுதினால் கை கடுக்குமா? கல்யாணம் முடித்து வந்த நாள் முதல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பின் என்றால் எனக்குச் சட்டைக்குக் குத்துவது. பைல் என்றால் கந்தோர் அலுமாரியில் அடுக்குவது. போர்க் என்றால் பெரிய கடைகளில் வெள்ளைக்காரர் சாப்பிடுகிற முள்ளுக்கரண்டி. இவரோ, உங்கள் அட்டை வந்த நாளில் தேத்தண்ணியும் குடியாமல், "உவன் என்னைப் போர்க் பண்ணிப் போட்டானப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருப்பார். நான் சிரிப்பேன். இப்போது அந்தச் சொற்களால்தான் இவர் உள்ளே இருக்கிறார்.

விசாரித்தவர்கள் ஒவ்வொரு சொல்லாய்க் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். இவரும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி விளக்கியிருக்கிறார். அற்றாக் என்றால் அடிக்கப் போவது. எக்ஸ்சேஞ் என்றால் அவர்களில் ஒன்றை எடுத்து எங்களில் ஒன்றைக் கொடுப்பது. சாக்ரிபைஸ் என்றால் பெரியதைப் பிடிக்கிறதற்காகச் சின்னதைச் சாகக் கொடுப்பது. விளக்க விளக்க அவர்களின் முகம் கறுத்துக்கொண்டு வந்ததாம். கதிரவேலு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். "அக்கா, நான் காலை மிதிச்சுப் பார்த்தன், மனுசன் விளங்கிக்கொள்ளேல்லை" என்று சொல்லி அழுதார். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறார். அப்படியான மனுசனை என்ன செய்வது?

இனி எழுதப் போவதை உங்கள் இருவரையும் தவிர வேறு ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

கதிரவேலுவிடம் ஒன்றும் இல்லையென்று விட்டுவிட்டார்கள். அவர் அடுத்த நாளே திரும்பி வந்து என் முற்றத்தில் நின்று, கொப்பியால்தான் பிடித்தவர்கள், வீட்டையும் சோதிக்க வருவார்கள், அப்படியான கடதாசி ஏதும் இருந்தால் உடனே எரியுங்கோ என்றார். போன வருசத்திலிருந்து எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆமி ஊரை வளைக்குது, றவுண்டப் என்று சத்தம் கேட்டவுடன் படங்கள், கடிதங்கள், பொடியளின் கொப்பிகள் எல்லாம் அடுப்புக்குள்ளே போகும். நான் யோசிக்கவே இல்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த பிஸ்கட் பெட்டியை இழுத்தேன். இவர் நூல் கட்டித் திகதிப்படி அடுக்கி வைத்திருந்த உங்கள் பதினேழு அட்டைகளையும் அடுப்பில் போட்டேன். அன்று மத்தியானச் சோறு அதிலேதான் வெந்தது. பிள்ளைக்குத் தீத்தினேன், நானும் தின்றேன். பெரிய காரியம் செய்து முடித்தது போல ஒரு நிம்மதி வேறு!

நாலாம் நாள் கொழும்பிலிருந்து சிமியோன் புரொக்டரின் ஆள் வந்தார். சிமியோன் குருநகர் ஆள், இவருடைய தகப்பனுக்குப் பழக்கமானவர், அவர்தான் வக்கீலாக இந்த விசயத்தைப் பார்க்கிறார். வந்த ஆள் சொன்னது இதுதான். விசாரணைக்குப் பெரியவராக இருப்பவருக்குச் செஸ் கொஞ்சம் தெரியுமாம். விளையாட்டென்றால் எதிராளி எழுதின அட்டைகள் முத்திரை குத்தி இருக்கத்தானே வேண்டும், கொண்டு வந்து காட்டு, கொப்பியோடு ஒத்துப் பார்த்து ஆளை விடுகிறேன் என்றாராம். இவர் மகா சந்தோசமாக, "வீட்டிலை பிஸ்கட் பெட்டிக்குள்ளை அடுக்கி வைச்சிருக்கிறன், என்ரை மனுசி கொண்டு வருவா" என்று சொல்லியிருக்கிறார்.

என்ரை மனுசி கொண்டு வருவா! அண்ணை, நான் என்னத்தைக் கொண்டு போவது? சாம்பலையா?

முதலில் ஒருமுறை பார்க்க விட்டார்கள். பத்து நிமிசம், இடையில் கம்பிவலை. தாடி வளர்ந்து, தோளெலும்பு தெரிய நின்றார். பிள்ளையைக் கேட்டார், பிறகு, "அட்டையளைக் கொண்டு வந்தனீரோ ஞானம்?" என்றார். வந்துகொண்டிருக்கிறது என்றேன். என் வாயிலிருந்து அந்தப் பொய் எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. ஆனால் திரும்பி வரும்போது ரயிலில்தான் அது பொய்யாக இருக்கத் தேவையில்லை என்று நினைவு வந்தது. இவர் ஒவ்வொரு அட்டையிலும் முதலில் உங்கள் நகர்வைத் திருப்பி எழுதி, அதற்குக் கீழேதான் தன் நகர்வை எழுதுவார். பிழை வராமல் இருக்க நீங்கள் இருவரும் வைத்துக்கொண்ட முறை அது. அப்படியென்றால் முழு ஆட்டமும் உங்கள் மேசையில் இருக்கிறது. சிமியோனிடம் சொன்னேன். "அது போதும் பிள்ளை, திகதி தெரிஞ்சாச் சரி" என்றார்.

அக்கா அட்டைகளைத் தூக்கி எறிந்திருக்க மாட்டா என்று நம்புகிறேன். அக்கா, நீங்கள் என்னைப் போலத் துப்புரவுக்காரி என்று தெரியும். கும்பிட்டுக் கேட்கிறேன், இல்லையென்று மட்டும் எழுதாதீர்கள்.

வேறு புதினம் என்று பெரிதாக இல்லை. மழை தொடங்கிவிட்டது. உங்கள் வளவு மாமரத்தின் கொப்பு முறிந்து மதிலில் விழுந்தது, ஆள் பிடித்து வெட்டி எடுத்தேன். உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களும் எழுதிவிடாதீர்கள்.

இவர் போன பிறகு உங்கள் பதினெட்டாவது அட்டை வந்தது. அது ஒன்றுதான் எரியாமல் தப்பியது. அதில் நீங்கள் பகிடியாக, "உன்ரை ராசா மாட்டுப்பட்டிட்டான், ரிசைன் பண்ணு மச்சான்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிமியோன் அதை வாசித்துவிட்டு, இதைத் தனியே காட்டக்கூடாது, மற்றவை வரட்டும் என்று மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டாம் முறை பார்க்க விட்டபோது நகர்வை மட்டும் பாடமாக்கிக்கொண்டு போய்க் கம்பிவலையில் வைத்து இவருக்குச் சொன்னேன். ரிசைன் பண்ணச் சொன்னதையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பத்து நிமிசத்தில் நாலு நிமிசம் அதற்கே போயிற்று, எனக்கு விசர் பிடித்தது. பிறகு கண்ணைத் திறந்து, "ரிசைன் பண்ணமாட்டன் எண்டு எழுதும். குதிரை எஃப் ஐந்து" என்றார். நாற்பத்தைந்து நாளில் அந்த முகத்தில் நான் சிரிப்பைக் கண்டது அப்போதுதான். ஆகவே எழுதுகிறேன். பத்தொன்பதாவது நகர்வு, குதிரை எஃப் ஐந்து. அது நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியாது. தயவுசெய்து அதற்கு மறுமொழி எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள்.

அட்டைகள் வந்து சேர்ந்தால் அவை தன் கையெழுத்தில் இருப்பதை இவர் பார்ப்பார். உங்களுடையவை எங்கே என்று கேட்பார். அப்போது நானே சொல்வேன். வெளியில் வந்து என்னை எவ்வளவும் ஏசட்டும். வாசலில் நின்று ஏசினாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

பிள்ளையார் உங்கள் இருவரையும் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். கடைசியாக ஒன்று. ஒரு நகர்வுக்குப் பத்து நாள்தான் என்றும், அதற்கு மேலே போனால் தோல்வி என்றும் இவர் சொல்வார். ஊருக்குப் போனால், காய்ச்சல் வந்தால் லீவு எழுதலாமாம், வருசத்துக்கு முப்பது நாள். முப்பதும் முடிந்துவிட்டது. அண்ணை, உங்கள் கொப்பியில் செப்டம்பர் மூன்றிலிருந்து அவர் லீவில் நிற்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் திகதி வரைக்கும் என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
ப. ஞானாம்பிகை