செவ்வாய்ப் படையின் கேப்டன் எந்த ஊர்?

என் அருமை ஞானமுத்துவுக்கு,

நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் எழுதிய கடிதங்களில் எல்லாம் ஒரே கேள்விதான் இருந்தது: "அடுத்த அத்தியாயம் எங்கே?" இப்போது உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை. சொல்லத்தான் இருக்கிறது. அதை நம் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். சந்தாதாரர்களும் படிக்கட்டும்.

வெள்ளைக்காரன் போய்விட்டான். திண்டிவனம் கடைத்தெருவில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்று சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும் எங்கள் அச்சாபீசுக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் தம்ளர் இரண்டு விதமாகத்தான் இருக்கிறது. நீ இருந்திருந்தால் இதற்குச் சிரித்திருப்பாயா? உன் கடைசி நாட்களில் நீ சிரித்து நான் பார்க்கவில்லை.

படிப்பவர்களுக்கு நீ யாரென்று தெரியாது. அது என்னால் வந்த வினை. "செவ்வாய்ப் படை" என்ற தொடர்கதையை எழுதியவர் வீரசிம்மன் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். வீரசிம்மன் என்று யாரும் இல்லை ஐயா. அது நான் வைத்த பெயர். எழுதியவன் ஞானமுத்து, விழுப்புரம் லோகோ ஷெட்டில் இன்ஜின் துடைத்தவன், திருவாமாத்தூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே வகுப்பு. அமெரிக்காவிலிருந்து துரைமாருக்கு வரும் சாமான் பெட்டிகளில், கண்ணாடி உடையாமல் இருக்கப் பழைய கதைப் பத்திரிகைகளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். அட்டையில் இரும்புச் சட்டை போட்ட சிப்பாய்கள், நட்சத்திரங்களுக்கு நடுவே பீரங்கி வைத்த கப்பல்கள். கசங்கிய தாளை நீ கையால் தேய்த்துத் தேய்த்து நீவி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பாய். எனக்குப் படம் பார்த்தால் போதும்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் எனக்கு என் தகப்பனாரின் அச்சாபீஸ் கிடைத்தது. உனக்கு ஷெட்டில் வேலை. நான் மாதப் பத்திரிகை தொடங்கியபோது, வாரம் ஒரு நாள் ரயிலேறி வந்து அச்சுக்கோக்கும் மேஜை ஓரமாக உட்கார்ந்தாய். அப்போது நீ சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

"வேணு, இந்தப் பட்டாளத்துக் கதைங்களுக்கெல்லாம் ஒரே சட்டம்தான். மொதல்ல ஒண்ணும் தெரியாத பசங்க சேரணும். கத்திக்கினே இருக்கிற ஒரு சுபேதாரு வேணும். அப்புறம் இரும்புச் சட்டை, ஆகாசக் கப்பலு. எதிரிக்கு மூஞ்சி இருக்கக் கூடாது, மூஞ்சி இருந்தா சுட மனசு வராது. கடைசில ஒரே ஒருத்தன் கணவாய்ல நின்னுக்கினு மொத்தப் படையையும் தடுக்கணும்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"இன்னொண்ணு இருக்குது. கப்பல்ல ஏறிட்டா நீ எந்தத் தெரு, அப்பன் பேரு இன்னான்னு எவனும் கேக்கமாட்டான். எல்லாருக்கும் ஒரே சட்டி சோறு. அதுக்காகத்தான் நான் இதப் படிக்கிறதே."

எழுத ஆரம்பித்தாய். உன் ஆகாசக் கப்பலில் கொதிகலன் இருந்தது, வால்வு இருந்தது, நீராவி கசிந்தது. புழுதிப் புயலில் சிப்பாய்கள் துணியை எண்ணெயில் தோய்த்து இயந்திரம் துடைத்தார்கள். எவனும் அப்படி எழுதியதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள்கூடத் தெருவில் என்னை நிறுத்தி, "அந்தக் கப்பல் தப்பிச்சுதா இல்லியா, அத்த மட்டும் சொல்லிடு" என்று கேட்டார்கள்.

முதல் அத்தியாயத்திலேயே ஒரே குண்டில் ஒரு பட்டணத்தைச் சாம்பலாக்கியிருந்தாய். அதை அப்படியே விட்டேன். அதே அத்தியாயத்தில், கேப்டன் தன் ஊரைச் சொல்கிறான்: திருவாமாத்தூர்ப் பக்கத்துச் சேரி. அதை அடித்தேன். "உயர்ந்த குலத்தில் உதித்தவன்" என்று போட்டேன். ஒரே குண்டில் ஒரு பட்டணம் அழியும் என்று நம்புகிறவர்கள், சேரியில் பிறந்தவன் கேப்டனாவான் என்று நம்பமாட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பிற்பாடு அந்தக் குண்டு ஜப்பான்காரன் தலையில் நிஜமாகவே விழுந்தது. வீரசிம்மன் தீர்க்கதரிசி என்று எத்தனை பேர் எழுதினார்கள் தெரியுமா?

உன் பெயரை மாற்றியதும் அந்த நாளில்தான். "ஏன், எம் பேரு நல்லா இல்லியா?" என்றாய். "சந்தா குறையும்டா" என்றேன். என் சித்தப்பா உள்ளே இருந்தார். அச்சாபீசில் பாதி அவருடையது. அவர் எட்டிப் பார்த்ததும் நீ எழுந்து நின்று, "சரிங்க, உங்க இஷ்டம்ங்க" என்றாய். தனியாக இருந்தால் நான் உனக்கு "நீ". சித்தப்பா வந்தால் "நீங்க". அந்த "ங்க" எனக்கு ஒருநாளும் உறுத்தவில்லை. ஏன் உறுத்தவில்லை?

உலக யுத்தம் மூண்டது. காகிதம் கிடைக்கவில்லை. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் அதிகாரி ஒருவர் அச்சாபீசுக்கு வந்தார். செவ்வாய்ப் படையை வாயாரப் புகழ்ந்தார். பின்னட்டையில் ஆளெடுப்பு விளம்பரம் போட்டால் காகிதத்துக்கு வழி செய்வதாகச் சொன்னார். போட்டேன். காகிதம் வந்தது. "இந்த மாதம் சண்டை போதவில்லை" என்று உனக்குக் கார்டு எழுதினேன். நீயும் எழுதித் தள்ளினாய். முன்பக்கத்தில் உன் வீரர்கள் ஒரே சட்டியில் சோறு தின்றார்கள். பின்பக்கத்தில் சர்க்கார், சேர வா என்று கூப்பிட்டது.

மற்றவர்கள் சேர்ந்தார்களோ என்னவோ, நீ சேர்ந்தாய்.

விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தேன். உச்சிவெயில். உன் மனைவி எஸ்தர் கைக்குழந்தையோடு தூணோரம் நின்றிருந்தாள். "நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று என்னைக் கேட்டாள்.

நீதான் பதில் சொன்னாய். "அதிகாரி சொன்னாரு எஸ்தரு, ரயில்வே பட்டாளத்துல எல்லாருக்கும் ஒரே பந்திதானாம். எழுதிக்கினே இருந்தா போதுமா? போய்ப் பாத்துட்டு வர்றேன்."

என் பக்கம் திரும்பி, "இன்னா அண்ணே, ஒண்ணும் பேசமாட்டேன்றே?" என்றாய். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அண்ணே என்றாய். நான் என்ன கேட்டேன் தெரியுமா? மாதாமாதம் அங்கிருந்து அத்தியாயம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

அத்தியாயம் வரவில்லை. அஸ்ஸாம் பக்கத்திலிருந்து, தணிக்கைக்காரன் மை பூசிய கார்டுகள்தான் வந்தன. "சுகம். மழை." அதற்குமேல் படிக்க முடியாது. தொடரை நிறுத்திவைத்தேன். நாலு வருஷம் கழித்து நீ வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் மஞ்சள், மூச்சுக்கு மூச்சு இருமல். சித்தப்பா ஊரில் இல்லாததால் நாற்காலியில் உட்கார்ந்தாய்.

"ஒரே பந்தி பார்த்தியா?" என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை, ஞானமுத்து. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"பாத்தேனே" என்றாய். "முகாமுல சமையக்காரன் என் தட்ட மட்டும் தனியா வெச்சான். எந்த ஊரு, எந்தத் தெருன்னு மொத நாளே கேட்டுக்கினான். அப்புறம் ஜப்பான் பிளேன் வந்து தண்டவாளத்து மேல குண்டு போட்டுது. எல்லாரும் ஒரே குழிக்குள்ள பூந்தோம். ரெண்டு நாளு. அந்தச் சமையக்காரன் என் மடியிலதான் தல வெச்சிக்கினு படுத்திருந்தான். என் பாட்டில்லதான் தண்ணி குடிச்சான். மூணாம் நாளு பிளேன் போயிடுச்சி. முகாமுக்குத் திரும்புனோம். என் தட்டு மறுபடியும் தனியா வந்துடுச்சி. குண்டு விழுந்தாத்தான் ஒரே பந்தி, வேணு. நம்ம கதைல அத்த எழுத மறந்துட்டோம்."

அப்போது உனக்கு என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். "உடம்பைப் பார்த்துக்கோ" என்றேன் போலிருக்கிறது.

பதினைந்து நாளில் கடைசி அத்தியாயத்தைக் கொண்டுவந்தாய். படை ஜெயிக்கிறது. கப்பல் பூமிக்கு வருகிறது. விழுப்புரத்துக்கு வெளியே, மல்லாட்டை என்று நாம் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையில் இறங்குகிறது. கேப்டன் இரும்புச் சட்டையோடு தன் ஊருக்கு நடக்கிறான். தாகம். ஊர்க் கிணற்றண்டை போய் வாளியை எடுக்கிறான். நாலு பேர் ஓடிவந்து தடுக்கிறார்கள். செவ்வாயில் ஒரு சேனையையே தடுத்து நிறுத்தியவன், வாளியை வைத்துவிட்டு நிற்கிறான். அதோடு கதை முடிகிறது.

படித்து முடித்துத் தாளை மேஜைமேல் வைத்தேன். "நீ சொன்ன சட்டத்தையே உடைச்சிட்டியேடா" என்றேன். "எதிரிக்கு மூஞ்சி இருக்கக் கூடாதுன்னு சொன்னியே."

"மூஞ்சி இருக்குது வேணு. பேரோட தெரியும் எனக்கு. இன்னா பண்றது?"

பார்க்கலாம் என்று வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து நானே ஒரு முடிவு எழுதினேன். கேப்டனுக்கு மாலை போடுகிறார்கள், யானைமேல் ஊர்வலம் வருகிறது, செவ்வாய்க் கிரக இளவரசி அவனுக்கு மாலையிடுகிறாள். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அச்சடித்தேன். வாசகர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்த இதழைக் கையில் சுருட்டிக்கொண்டு நீ அச்சாபீசுக்கு வந்தாய். சித்தப்பா இருந்தார், சந்தாதாரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நீ படியேறவில்லை. கீழேயே நின்றாய். இளைத்து உருமாறியிருந்த உன்னை அடையாளம் தெரியாமல், "யாருடா அது?" என்றார் சித்தப்பா. நான் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்ப் படையை எழுதியவன் இவன்தான் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

"ஷெட்டு ஆளுங்க, சாமி" என்று நீயே சொல்லிக்கொண்டாய். பிறகு என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய்: "நல்லா முடிச்சிட்டீங்க. யான எல்லாம் வந்துது. நல்லா இருந்துது."

இதழை மேல்படியில் வைத்துவிட்டுப் போனாய். இருமிக்கொண்டே தெருமுனை திரும்பியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடிவந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மாதத்துக்குள் விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனாய். நீ படுத்திருக்கும் சேதி எனக்கு முன்னமே வந்தது. இதோ போகிறேன், அதோ போகிறேன் என்று இருந்துவிட்டேன். உன் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான். இதை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை.

போன மாதம் எஸ்தர் வந்தாள். உன் மகன் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டானாம், உன்னைப்போலவே எதையாவது கிறுக்கிக்கொண்டே இருக்கிறானாம். அவள் உட்காரவில்லை. "அவரு கடசியா எழுதுன தாளு உங்களாண்டதான் இருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. இருக்குதா, கொளுத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

இழுப்பறையைத் திறந்து காட்டினேன். "இப்போது அச்சுப் போடலாம் என்று நினைக்கிறேன்" என்று சொன்னேன். அதை அந்த நிமிஷத்தில்தான் நினைத்தேன்.

"இப்ப போட்டு இன்னா ஆவப் போவுது? அவரு எழுந்து வந்து படிக்கப் போறாரா?" என்றாள். தாள்களை ஒரு தரம் விரலால் தொட்டுப் பார்த்தாள். "போடறதுன்னா அவரு பேரு போட்டுப் போடுங்க. அந்தச் சிம்மன் கிம்மன் எல்லாம் வேணாம். இல்லன்னா தாளக் குடுத்துடுங்க. எம் புள்ள வெச்சிக்குவான்."

சித்தப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பேரு நம்ம பத்திரிகைல வந்தா நம்ம ஊர்க்காரன் எவன் வாங்குவான்? என் பங்கப் பிரிச்சிக் குடுத்துடு" என்றார். பிரித்துக் கொடுத்துவிட்டேன். பெரிய மிஷின் அவர் பங்குக்குப் போய்விட்டது. காலால் மிதிக்கும் சின்ன மிஷின் எனக்கு மிஞ்சியது. இதைத் தியாகம் என்று எண்ணிவிடாதே. நீ மூச்சோடு இருந்தபோது செய்யாததை, உனக்கு ஒரு பயனும் இல்லாதபோது செய்கிறேன், அவ்வளவுதான்.

ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த இதழில் உன் கடைசி அத்தியாயம் வரும். ஒரு எழுத்தைத் தொடமாட்டேன். யானையும் இளவரசியும் நான் செய்த பொய் என்று அதன் தலைப்பிலேயே போடுவேன். அதன்பின் முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடியும் அச்சிடுவேன். கேப்டன் தன் ஊரைத் தன் வாயால் சொல்வான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் உன் பெயர் இருக்கும். ஒரே ஒரு சந்தாதாரர் மிஞ்சினாலும் அந்த ஒருவருக்காக அச்சிடுவேன். முதல் பிரதியை நானே கொண்டுபோய் எஸ்தரிடம் கொடுப்பேன். அவள் என்னை என்ன கேட்டாலும் நின்று கேட்டுக்கொள்வேன்.

ஒரு தரம் நீ அண்ணே என்று கூப்பிட்டும்,
அண்ணனாக நடந்துகொள்ளாத
உன் வேணு
திண்டிவனம்