இரண்டு முறை கலந்த மயில்துத்தம்

திருத்தணி, ஆவணி 1974

குழந்தைகளின் அப்பாவுக்குத் தேவகி வணக்கம். உங்கள் இருமல் தேவலையா?

பண்ணையில் செத்த பன்றிகளில் ஒன்றைக் கீறிப் பார்த்தபோது மிருக டாக்டர், பண்ணை மேனேஜர், தீவனம் வைக்கும் கோதண்டம், நான், நால்வரும் இருந்தோம். பன்றிகள் சீக்கிரம் எடை கூட, மாதத் தீவனத்தில் துளி மயில்துத்தம் கலப்பது என் வேலை. அதுதான் அளவு மீறி விஷமாகியிருக்கிறது என்றார் டாக்டர்.

"கிருத்திகையன்னிக்கு தேவகியம்மா விரதம்னு நானே கலந்துட்டு மலைக்குப் போனேங்க" என்றார் கோதண்டம்.

அது தெரியாமல் அன்று நானும் கலந்திருந்தேன். தின்ற எட்டும் மஞ்சள் பூத்துச் செத்தன.

"அளவு தெரியாம கொட்டிட்டு மலையேறிகினு இருந்தியா? நாளைலேருந்து வராதே" என்றார் மேனேஜர். நான் என் நோட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

நான் கலந்தது அதில் எழுதியிருக்கிறது. காட்டினால் என் வேலை போகும், உங்கள் மருந்தும் நிற்கும். மலையைப் பார்த்துக் கும்பிட முடியவில்லை.

தலையணை உறைக்குச் சின்னவளின் பழைய பாவாடை அனுப்புங்கள். நோட்டைக் காட்டட்டுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

தேவகி