கணுக்காலில் ஒரு துடிப்பு

மார்ச் 4
அக்கா இன்றும் சமையலறை வாசலில் உறைந்து நின்றுவிட்டாள். நடுக்குவாதம் முற்றினால் கால் இப்படித் தரையோடு ஒட்டிக்கொள்ளுமாம். முப்பது வருடம் தெருத்தெருவாக நடந்து தபால் கொடுத்தவள். நான் பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணியதும் கால் எழுந்தது. தாளம் இருந்தால் போதும். அதை நான் ஏன் செய்துகொடுக்கக் கூடாது? நாள் முழுக்கக் கைபேசிகளைப் பிரித்து மாட்டுகிறவள்தானே.

மார்ச் 9
பழைய கைபேசியின் அதிர்வு மோட்டார், நகத்தளவு சர்க்யூட், பொத்தான் பேட்டரி. ஆறு முறை துடித்துவிட்டு நின்றது. மோட்டார் சுழலும்போதெல்லாம் வோல்டேஜ் விழுகிறது, சர்க்யூட் மயங்கிவிடுகிறது. அந்தப் பேட்டரிக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

மார்ச் 15
கழித்துப்போட்ட இயர்போனிலிருந்து குட்டி லித்தியம் பேட்டரி. கம்பியை விட்டுவிட்டுப் பற்றவைத்தேன் — சூடேறினால் வீங்கிவிடும். எலாஸ்டிக் பட்டைக்குள் வைத்துத் தைத்து, கணுக்காலில் கட்டினேன். "என்னடி, கோழிக்குஞ்சு கொத்துற மாதிரி இருக்கு!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டாள்.

ஏப்ரல் 2
தனியாகத் தெருமுனை வரை போய்வந்தாளாம்.

ஏப்ரல் 20
விழுந்துவிட்டாள். வீட்டுக்கு வெளியே, நடுத்தெருவில். இடுப்பெலும்பு முறிவு. மருத்துவமனையில் அத்தான் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உன் பொம்மைய நம்பி அவள வெளிய விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."
பேட்டரி தீர்ந்திருக்கும். தீரப்போகிறது என்று காட்ட ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கலாம். ஏன் வைக்கல? அவ்வளவு என்ன அலட்சியம் எனக்கு?

ஏப்ரல் 22
மருத்துவமனையில் கழற்றிக் கொடுத்த பட்டையை இன்றுதான் பிரித்தேன். மீட்டரில் 3.9 வோல்ட். மறுபடி வைத்தேன், அதேதான். பேட்டரி தீரவே இல்லை. ஸ்விட்ச் அணைந்திருந்தது. அது தானாக அணையாது, நகத்தால் அழுத்தித் தள்ள வேண்டும்.

ஏப்ரல் 23
கேட்டேன். அக்கா போர்வை நுனியை மடித்துக்கொண்டே சொன்னாள்.
"நான்தான்டி நிறுத்தினேன். எப்பப் பாரு அது சொல்லி நான் நடக்கறேன். ஒரு தடவை நானா நடந்து பாக்கலாம்னு தோணுச்சு."
"எவ்வளவு தூரம் போன?"
"பதினோரு அடி."
எண்ணியிருக்கிறாள். கண்ணில் தண்ணீர், குரலில் மட்டும் ஒரு மிடுக்கு.
"அத்தான்கிட்ட சொல்லிடாத. அவர் தாங்க மாட்டார்."

மே 30
இனி நடை இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்காவின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். தலைமாட்டை அத்தான் பிடித்தார், கால்மாட்டை நான். அவர் என்னோடு பேசி நாற்பது நாள் ஆகிறது.
பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, எப்படி விழுந்தாள் என்று கேட்டார்.
"பேட்டரி தீந்துபோச்சுங்க," என்றார் அத்தான்.
அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஆமாங்க," என்றேன். "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."