நான்கு சேலை, ஒரு சாமிக் கிடா

5 நவம்பர், வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் கிடந்தது எதுவும் காயவில்லை. ஐப்பசி மாதம் என்று தெரிந்தும் மூன்று சேலையை ஒன்றாக நனைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெட்டியில் மிச்சமிருந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது. சமயநல்லூர் தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து பின் சீட்டுக்குப் போனார். காற்றுக்காகப் போகிறார் என்று நினைத்தேன். பள்ளி இருக்கும் காளவாசலில் இறங்கி முந்தானையை மோந்து பார்த்தால், கிடா மூத்திரம்.

துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட சேலை. காலையில் எடுத்தபோது ஒரு நாற்றமும் இல்லை. உடம்புச் சூடும் மழை ஈரமும் பட்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

நாள் முழுக்கக் கரும்பலகைப் பக்கமே நின்றேன். ஆசிரியர் அறைப் பக்கம் போகவில்லை. சாப்பாடு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு.

சாயங்காலம் தலைமையாசிரியை கூப்பிட்டார். கைக்குட்டை மூக்கில்.

"அடுத்த வெள்ளிக்கெழம செயலர் வர்றார், செல்வி. நிரந்தர போஸ்ட்டுக்கு இண்டர்வியூ. உங்களோட சேத்து மூணு பேரு. நானும் ஒரு சிபாரிசுக் கடிதம் வைக்கணும். சேலைய நல்லா அலசிக் கட்டுங்க. சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. இன்றைக்கு நாறியது உண்மை. மூன்று வருடமாகத் தற்காலிகம். இந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தால் நான் வெளியே.

6 நவம்பர், வெள்ளி

மழை இல்லை, வெயிலும் இல்லை.

கிடா விவகாரம். மறந்துபோகாமல் எழுதி வைக்கிறேன். பிற்காலத்தில் படித்தால் நானே நம்பமாட்டேன்.

எனக்கு வேலை நிரந்தரமானால் கிடா வெட்டுவதாகக் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டது அத்தை, அதாவது மாமியார். குட்டியாக வந்தது. இப்போது இடுப்பு உயரம். சாமிக்கு விட்டதில் ஊனம் கூடாது என்று காயடிக்கவும் விடவில்லை. மழைக்காலம் வந்ததும் அதற்குப் பருவம். தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் பெய்துகொள்கிறது. பெய்துவிட்டு எதிலாவது போய்த் துடைக்கும். எங்கள் வீட்டில் தகரத்தாழ்வாரம் ஒன்றே ஒன்று. கிடாவும் அதற்குள், கொடியும் அதற்குள்.

ஆக, வேலை நிரந்தரமானால்தான் கிடாவை வெட்டலாம். கிடா நிற்கும்வரை வேலை நிரந்தரமாகிற வழியைக் காணோம். இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்ல.

என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். திருமங்கலத்தில் கூட வேலை பார்ப்பவர் வீட்டில் ஒரு வாரம் கட்டி வைக்கலாமாம். அத்தை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சாமிக்குன்னு விட்டத வாசல் தாண்டி விடுறதா? கொள்ளையில போறதுக்கா? வேல வேணுமா வேணாமா, ஒம் பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்லு."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் அடுப்பங்கரையில்தான் இருந்தேன்.

8 நவம்பர், ஞாயிறு

இதுவரை செய்தது:

கொதிக்கக் கொதிக்க வெந்நீர், வாஷிங் சோடா. போகவில்லை.

எலுமிச்சம்பழம் ஆறு. ஈரத்தில் எலுமிச்சை வாசம், காய்ந்ததும் கிடா.

பெட்டியில் பாச்சா உருண்டை. இரண்டு நாற்றமும் சேர்ந்து புதிதாக மூன்றாவது ஒன்று.

சாம்பிராணி. கோயில் வாசலில் கிடா நின்றது மாதிரி.

பிளீச்சிங் பவுடர். நாற்றம் குறைந்தது. நீலச் சேலை போயிற்று, திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது. இனி அது கரித்துணி.

இருந்த நான்கில் மூன்று மிச்சம். பச்சை, காப்பிக்கலர், கட்டம் போட்டது.

எதிர்வீட்டு அக்கா சுவரோரம் நின்று கேட்டாள்: "ஏத்தா செல்வி, ஆட்டு வாடைக்கா இம்புட்டுப் பாடு? நம்ம காலனில எந்த வீட்ல ஆடு இல்ல?"

எந்த வீட்டிலும் இருக்கிறது. எந்த வீட்டிலிருந்தும் காளவாசலுக்கு டீச்சர் வேலைக்குப் போகவில்லை. இதைச் சொல்லியிருந்தால் திமிர் என்பாள்.

9 நவம்பர், திங்கள்

சரளாவிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் வகுப்பு டீச்சர். சௌராஷ்டிரக் குடும்பம், அவள் அப்பாவுக்குச் சாயப்பட்டறை. சொல்லி முடிப்பதற்குள் என் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். எனக்குத்தான் கூச்சம். அவள் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மோந்தாள்.

"வெந்நில போட்டியா?"

"கொதிக்கவச்சுப் போட்டேன்."

"கெட்டது. சூட்டுலதான் செல்வி எதுவுமே துணில ஏறும். எங்க பட்டறையில சாயம் நிக்கிறதுக்குத்தான் சுடவைப்போம். நீ மூத்திரத்துக்குச் சாயம் காச்சிருக்க. அது போதாதுன்னு கஞ்சி வேற. நாத்தத்துக்கு மேல கஞ்சியப் பூசி, அதுக்கு மேல இஸ்திரி. பூட்டி வச்சுட்ட. ஈரம் பட்டா கஞ்சி எளகும், உள்ள இருக்கறது வெளிய வரும்."

கஞ்சி போடாத சேலையை டீச்சர் கட்டுவதா? கழுத்து வரை விறைப்பாக நின்றால்தான் பிள்ளைகள் பயப்படும் என்று நானாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். தினமும் வடித்த கஞ்சியில் நாற்றத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

அவள் சொன்ன முறை: பச்சைத்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறல், கஞ்சி இறங்கும்வரை மூன்று தண்ணி. பிறகு ஒரு வாளிக்கு அரை தம்ளர் வினிகர், அரை மணி. அலச வேண்டும். நாற்றம் நின்ற இடத்தில் ஆப்பசோடாவை ஈரத்தோடு அப்பி, காயவிட்டு, மறுபடி அலச வேண்டும். காற்றில் உலர்த்தல். நாற்றம் சுத்தமாகப் போகும்வரை இஸ்திரிப்பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது.

10 நவம்பர், செவ்வாய்

வினிகர் ஒரு பாட்டில். கடைக்காரர், "ஊறுகாயா டீச்சர்?" என்றார். ஆமாம் என்றேன்.

காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டினேன். வெள்ளையாகக் கஞ்சி, கூடவே அந்த நாற்றம் குப்பென்று. சந்தோஷமாக இருந்தது. உள்ளே இருந்தது வெளியே வருகிறது.

அத்தை திண்டுக்கல் ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி: "நாங்க கட்டாத சேலையா, எங்க வீட்ல இல்லாத ஆடா. டீச்சருக்கு மட்டும் மூக்கு புதுசா மொளச்சிருக்கு."

11 நவம்பர், புதன்

போய்விட்டது! பச்சையில் சுத்தமாக இல்லை. முந்தானை, உள்மடிப்பு, கொசுவம் எல்லாம் பார்த்தேன். அவரையும் மோந்து பார்க்கச் சொன்னேன். "ஊறுகாய் மாதிரி லேசா" என்றார். அதுவும் சாயங்காலம் போயிற்று. காப்பிக்கலரும் அப்படியே.

வெள்ளிக்கிழமைக்குப் பச்சை. அதைத் தொடப்போவதில்லை.

12 நவம்பர், வியாழன்

காப்பிக்கலர் கட்டிப் போனேன். கஞ்சி இல்லாமல் தொளதொள. பஸ்ஸில் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஆசிரியர் அறையில் சரளா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தலைமையாசிரியை (த.ஆ.) எதிரில்தான். கைக்குட்டையை எடுக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் தலையில் இடி. மத்தியானம் சாரல் தாழ்வாரத்துக்குள் அடித்ததாம். சாமிக் கிடா நனையலாமா? அத்தை அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, என் பெட்டி இருக்கிற மூலையில் கட்டியிருக்கிறாள். பெட்டி மேல் பச்சைச் சேலை, மடித்தபடி. கிடா அதில் முகத்தைத் துடைத்து, முன்காலை வைத்து, மிச்சத்தையும் முடித்திருக்கிறது.

கத்திவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இப்படிக் கத்தியதில்லை.

"நாளைக்கு எனக்கு இண்டர்வியூ அத்த! இது சாமிக் கெடா இல்ல, சனியன்!"

அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். "சொல்லாதத்தா, சொல்லாத. ஒனக்காகத்தானே விட்டது. மூணு வருசமா ஒரு வாய் கறி தின்னேனா நான்? ஒனக்கு வேல கெடைக்கட்டும்னுதானே."

அது உண்மை. அவள் கறி தொட்டு மூன்று வருடம். நான் சுவரைப் பார்த்து அழுதேன், அவள் கிடாவைப் பார்த்து அழுதாள். அவர் வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

காப்பிக்கலர் முழங்கால் வரை சகதி. கட்டம் போட்டதில் நாற்றம் இன்னும் பாதிதான் போயிருக்கிறது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சரளாவுக்குப் போன். "மொத பஸ்ஸுக்கு எங்க வீட்டுக்கு வந்துரு. வெறுங்கையோட வா" என்றாள்.

13 நவம்பர், வெள்ளி

ஐந்தரை பஸ். சரளா வீட்டில் குளித்தேன், தலைக்குச் சீயக்காய். அவள் கொடுத்தது மடிப்புப் பிரிக்காத சுங்குடிச் சேலை, மஞ்சளில் அரக்குக் கரை. ஜாக்கெட்கூட அவளுடையது. அவள் அம்மா அவர்கள் பாஷையில் என்னமோ கேட்டார். சரளா என்னமோ பதில் சொன்னாள். எனக்கு அவள் மொழிபெயர்க்கவில்லை. நான் தரையைப் பார்த்து நின்றேன். பிறகு அந்த அம்மா காபியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

கிடா பார்க்காத சேலை. எங்கள் வீட்டையே பார்க்காத சேலை.

பள்ளியில் த.ஆ. மேஜையில் குனிந்து ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "வணக்கம் டீச்சர்" என்றேன். அவர் நிமிரவில்லை.

"வாங்க செல்வி. அந்த ஓரமா உக்காருங்க. ஆயா, சன்னலத் தொற. அம்புட்டுச் சொல்லியும் சேலைய அலசிக் கட்டல பாருங்க."

வாசலில் நின்ற சரளா கேட்டுவிட்டாள். அவள் முகம் சிவந்தது. வாயைத் திறக்கப் போனாள், வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். உள்ளே செயலர் காத்திருக்கிறார்.

செயலர் பின்னம் நடத்தச் சொன்னார். ஒரு பரோட்டாவை நான்கு பேருக்குப் பங்கு போட்டு நடத்தினேன். சிரித்தார். "நல்லா எடுக்கறீங்க. தலைமையாசிரியை கடிதம் வரட்டும், செவ்வாய்க்குள்ள முடிவு சொல்லிர்றோம்" என்றார். மூன்று பேரையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் வரை சரளா வீட்டில் காத்திருந்து, என் சேலைக்கு மாறிக்கொண்டேன். சுங்குடியைத் துவைத்துத் தருகிறேன் என்று எடுத்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"துவைக்காத. திங்கக்கெழம நான் இதக் கட்டிக்கிட்டு வாரேன்."

"எதுக்கு?"

"பாப்போம்."

14 நவம்பர், சனி

குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்தார்கள், ஆசிரியர்களுக்கும். த.ஆ. விழாவுக்கு வேறு பள்ளி போயிருந்தார். நிம்மதி.

வீட்டில் கையை மோந்தேன். முடியை மோந்தேன். செருப்பு வார், பை, பேனா. பையில் லேசாக இருக்கிறதோ? இல்லை. இருக்கிறதோ? அவரைக் கேட்டால், "ஒனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகுது" என்கிறார். கட்டம் போட்டதற்கு இன்னொரு முறை வினிகர்.

16 நவம்பர், திங்கள்

வெயில். நல்ல வெயில்.

சரளா அதே சேலையில் வந்தாள். முந்தானையில் நான் வெள்ளிக்கிழமை தேய்த்துக்கொண்ட சாக்பீஸ் தூள் அப்படியே இருக்கிறது. பத்தேகால் இடைவேளை. ஆசிரியர் அறையில் நாங்கள் நாலைந்து பேர். த.ஆ. உள்ளே வந்தார்.

"என்ன சரளா, புதுசா? நல்லாருக்கே!" பக்கத்தில் வந்து முந்தானையை எடுத்தார். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கரையில் பூ இருக்கிறதா பார்க்க முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "ஒங்க பட்டறைச் சாயமா? எம்புட்டுப் பளிச்சுனு இருக்கு."

வெள்ளிக்கிழமைச் சேலைதான் இது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

சரளா என்னைப் பார்த்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். கடிதம் இன்னும் போகவில்லை, ஃபைல் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்துக்கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்.

"டீச்சர், வெள்ளிக்கெழம நான் கட்டியிருந்த சேல அது. இன்னும் தண்ணில போடல."

முந்தானை அவர் கையிலேயே இருந்தது. பிறகு விட்டார். "அப்படியா" என்றார். வெளியே குழாயடிக்குப் போனார். சன்னல் வழியாகத் தெரிந்தது. சோப்பு போட்டு இரண்டு கையையும் கழுவினார்.

மணி அடித்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் பின்னம். நடத்தினேன்.

நாலு மணி வரை கையெழுத்து ஆகவில்லை. பயமாக இருக்கிறது. போனால் போகட்டும் என்று எழுதலாம், பொய்யாகிவிடும். எனக்கு அந்த வேலை வேண்டும். கட்டம் போட்ட சேலை காய்ந்துவிட்டது. நாளைக்கு அதைத்தான் கட்டப்போகிறேன், மோந்து பார்க்காமல்.